ஒரு எழுத்தின் கடல் பயணம்

1793 ஆகஸ்டில் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியின் சூடு வங்காள விரிகுடா வரைக்கும் வந்து சேர்ந்த வருடம் அது. நம் ஊர் சரித்திரத்தைச் சொல்பவர்கள் அந்த முற்றுகையை விடுவதில்லை. அதே வருடம் அதே விரிகுடாவைத் தாண்டிப்போன இன்னொரு சரக்கைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. கல்கத்தாவில் ஏற்றி சிட்னியில் இறக்கிய செம்மறி ஆடுகள்.

1788ல் தொடங்கிய சிட்னி குடியேற்றம் முதல் சில வருடங்கள் அரைவயிற்றோடுதான் கிடந்தது. இங்கிலாந்திலிருந்து கப்பல் வர மாதக்கணக்கில் ஆகும். கல்கத்தா அதைவிடப் பக்கம். அதனால் 1792லும் 1793லும் வங்காளத்திலிருந்து அரிசி, பருப்பு, கூடவே ஆடுகளும் போயின. சின்ன ஆடுகள், முரட்டு ரோமம். கறிக்கு ஆகும், கம்பளிக்கு ஆகாது. 1797ல் மெரினோ ஆடுகள் வந்து இறங்கியதும் ஆஸ்திரேலியாவின் கவனம் முழுக்க ரோமத்தின் பக்கம் திரும்பிவிட்டது. வங்காள ஆடுகள் மற்ற இனங்களோடு கலந்து, பார்வையிலிருந்தே காணாமல் போயின.

கலந்தது என்றால் அழிந்தது என்று அர்த்தமில்லை. அதுதான் இந்தக் கதை.

நியூ சவுத் வேல்ஸில் கூமா என்ற ஊருக்கு அருகே புரூலா என்று ஒரு பண்ணை. சியர்ஸ் சகோதரர்கள் அங்கே மெரினோ வளர்த்தார்கள். மெரினோ பொதுவாக ஒற்றைக் குட்டி போடும் இனம். இவர்கள் மந்தையில் மூன்று, நான்கு என்று சர்வ சாதாரணமாகப் பிறந்தன. 1958ல் ஒரே ஈற்றில் பிறந்த ஐந்து குட்டிகளில் ஒன்றான கிடாய் ஒன்றை அவர்கள் ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவுக்குக் கொடுத்தார்கள்.

அங்கே அந்த ஆய்வை நடத்தியவர் ஹெலன் நியூட்டன் டர்னர். அவர் படித்தது கட்டிடக்கலை. 1930களின் பொருளாதார மந்தத்தில் ஒரு கால்நடை ஆய்வகத்தில் செயலாளராக வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்த எண்களில் ஆர்வம் பிடித்து, இங்கிலாந்து போய் புள்ளியியல் படித்துத் திரும்பினார். படித்த துறை ஒன்று, வேலை இன்னொன்று, மனசு மூன்றாவது ஒன்றில். எங்களைப் போன்ற பொறியியல் பட்டதாரிகளுக்கு அவரைப் பிடிக்காமல் போக வழியே இல்லை. 1982ல் டர்னர் புரூலா மந்தையின் பூர்வீகத்தைத் தேடி ஒரு கட்டுரை எழுதினார். பழைய குடியேற்ற ஆவணங்களைப் புரட்டி, அந்த 1792, 1793 கப்பல்கள் வரைக்கும் போனார். இந்தக் குணம் வங்காள ஆடுகளிலிருந்து வந்திருக்கலாம் என்பது அவர் யூகம். நிரூபிக்கிற கருவி அப்போது யாரிடமும் இல்லை.

ஒரு குட்டிக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று தோன்றலாம். அதற்குப் பெரிய மார்க்கெட்டில் ஒரு கறிக்கடை பாயிடம் பேசினால் போதும். கூபேர் மார்க்கெட் என்று பெயர் வைத்தும் ஊர் அதைப் பெரிய மார்க்கெட் என்றுதானே சொல்கிறது? "செம்மறி ஈத்துக்கு எத்தனை குட்டி போடும் பாய்?" என்று கேட்டேன். "ஒண்ணுதான் தம்பி. வெள்ளாடுன்னா ரெண்டு, மூணு போடும். செம்மறி எப்பவாச்சும் ரெண்டு போட்டா ஒண்ணு தேறாது. பால் வேணும்ல?" என்றார் கத்தியை நிறுத்தாமல். நம்மைச் சுற்றி விழுப்புரம், செங்கல்பட்டுப் பக்கம் மேய்கிற சென்னைச் சிவப்பு ஆடும் பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான். தாய் ஆட்டை வருடம் முழுக்க மேய்த்து, மருந்து கொடுத்து, மழையில் காத்து வருகிற வருமானம் அந்த ஒரே குட்டி. அது செத்தால் அந்த ஈற்று பூஜ்யம்.

இப்போது மரபணுவுக்கு வருவோம். 1965ல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர், கனிமம் நீக்கிய எலும்புத் துண்டை விலங்கின் தசைக்குள் வைத்தால் அங்கே புது எலும்பு முளைப்பதைக் காட்டினார். அதைச் செய்த புரதங்களுக்கு எலும்பு உருவாக்கும் புரதம் என்று பெயர் வந்தது. சுருக்கமாக பிஎம்பி. பின்னால் பார்த்தால் இது பெரிய குடும்பம். எலும்பு அதன் ஒரு வேலைதான். இதே குடும்பத்தைச் சேர்ந்த பிஎம்பி-15, ஜிடிஎஃப்-9 ஆகிய இரண்டையும் கருமுட்டையே சுரக்கிறது. தன்னைச் சுற்றியிருக்கும் செல்களிடம் எப்போது வளர வேண்டும், எப்போது பொறுக்க வேண்டும் என்று அவற்றின் வழியாகப் பேசுகிறது. அந்தப் பேச்சைக் கேட்கிற காதுகளில் ஒன்று பிஎம்பிஆர்-1பி என்கிற ஏற்பி.

செம்மறியின் சினைப்பையில் ஒவ்வொரு சுழற்சியிலும் பல முட்டைப் பைகள் வளரத் தொடங்கும். பெரும்பாலும் ஒன்று முந்தும், மற்றவை அடங்கிவிடும். புரூலாவில் அந்த ஏற்பி மரபணுவில் புரதத்தைக் குறிக்கும் சுமார் 1500 எழுத்துகளில் ஒன்று மாறியிருக்கிறது. 746ஆவது இடத்தில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் ஜி. விளைவாகப் புரதத்தின் 249ஆவது அமினோ அமிலம் மாறுகிறது. முட்டைப் பைகள் சிறிதாக இருக்கும்போதே முதிர்ந்துவிடுகின்றன. ஒன்று மற்றவற்றை அடக்குவதற்குள் இரண்டு, மூன்று, நான்கு தயாராகிவிடும். நிரலில் ஒரே ஒரு எழுத்து மாறி மொத்த வரிசையும் வேறு மாதிரி ஓடுவதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். ஆனால் எங்கள் நிரல் அதற்கப்புறம் குட்டி போடுவதில்லை.

2001ல் நியூசிலாந்து, எடின்பரோ, பிரான்சின் துலூஸ் என மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக இதே எழுத்தைக் கண்டுபிடித்தன. மறுவருடம், எட்டு நாடுகளில் அதிகக் குட்டி போடும் ஆடுகளின் டிஎன்ஏவை நியூசிலாந்தைச் சேர்ந்த டேவிஸும் மற்றவர்களும் சோதித்தார்கள். புரூலாவுக்கு வெளியே அந்த எழுத்து இரண்டே இனங்களில் கிடைத்தது. ஒன்று ஜாவா ஆடு. இன்னொன்று சுந்தரவனத்தின் கரோல். டர்னரின் யூகம் சரி. அதைக் கேட்க அவர் இல்லை, 1995லேயே இறந்துவிட்டார்.

கரோல் முழங்கால் தண்ணீரில் நின்று மேயும் ஆடு. வளர்ந்த பெட்டை பத்துப் பன்னிரண்டு கிலோதான் தேறும். இரட்டைக் குட்டி அதற்குச் சகஜம். மரபணுவின் பெயரோ ஃபெக்-பி. அந்தப் 'பி' புரூலாவின் முதலெழுத்து. நூற்றாண்டுகளாக அதைக் காத்துவைத்தது சுந்தரவனத்தின் ஏழைக் குடும்பங்கள், பெயர் கிடைத்தது ஒரு ஆஸ்திரேலியப் பண்ணைக்கு. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் சியர்ஸ் சகோதரர்கள் அதைக் கவனித்தார்கள், பிரித்து வைத்தார்கள், கொடுத்தார்கள். நாம் கணக்கு எழுதவில்லை. பெயர், கணக்கு எழுதியவன் வீட்டுக்குத்தான் போகும்.

எழுத ஆரம்பித்தவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். மகாராஷ்டிராவின் பல்டனில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் சந்தா நிம்ப்கரின் குழு, கரோலின் இந்த எழுத்தை உள்ளூர் தக்காணி ஆட்டுக்குள் கொண்டுவந்தது. கரோல் கலப்பினக் குட்டி சிறுத்துவிடும், எந்த மேய்ப்பர் வாங்குவார்? அதனால் திரும்பத் திரும்ப தக்காணியோடு சேர்த்து, ரத்தச் சோதனையில் அந்த எழுத்து இருக்கும் குட்டிகளை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். உடம்பு தக்காணி, எழுத்து கரோல். ராஜஸ்தானின் அவிகாநகர் மத்திய ஆய்வு நிறுவனம் கரோல், மால்புரா, பட்டன்வாடி மூன்றையும் கலந்து அவிஷான் என்ற ஆட்டை உருவாக்கியது.

பல்டன் குழு நிறையக் குட்டிகளுக்கு ஆசைப்படவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மெரினோவில் இந்த எழுத்தின் இரண்டு பிரதிகள் சேர்ந்தால் மூன்று, நான்கு குட்டிகள் வரும். தாய்க்கு இருப்பது இரண்டே காம்பு. மேய்ச்சலை நம்பும் ஆட்டுக்கு இரட்டைக்கு மேல் எல்லாமே பாரம். பாய் சொன்ன அதே பால் கணக்குதான். இந்தக் குடும்பத்தின் மற்ற உறுப்பினர்கள் இன்னும் கறார். பிஎம்பி-15, ஜிடிஎஃப்-9 இரண்டிலும் அறியப்பட்ட சில மாற்றங்கள் ஒரு பிரதி இருந்தால் குட்டியைக் கூட்டும். இரண்டு பிரதி சேர்ந்தால் ஆடு மலடு. ஃபெக்-பி அந்த அளவுக்குப் போவதில்லை. கரோலின் உடம்பு அதோடு ஒத்துப்போயிருக்கிறது: சின்னத் தாய், சின்னக் குட்டி, பெரும்பாலும் இரண்டோடு நிறுத்தம்.

சந்தை ஆட்டைக் கிலோவில் அளக்கிறது. அந்தத் தராசில் கரோல் எந்நாளும் தோற்கும். கிராமங்களில் பெரிய கிடாயாகப் பார்த்து இணைசேர்க்கும்போது நாம் செய்வதும் அதே அளவைதான். சிறுத்த ஆடு, கருத்த ஆடு, அதிகம் பேருக்குப் பெயர் தெரியாத ஆடு எல்லாம் ஒவ்வொன்றாக மந்தையிலிருந்து விலகும். அவற்றுக்குள் எந்த எழுத்து எங்கே மாறியிருக்கிறது என்று தராசு சொல்லாது. கரோலின் எழுத்து பிழைத்ததற்கு யாருடைய திட்டமும் காரணமில்லை. சுந்தரவனத்தில் பெரிய ஆடு சேற்றில் நிற்காது, சின்ன ஆடு நின்றது. அவ்வளவுதான். எல்லா இனத்துக்கும் அப்படி ஒரு சேறு வாய்க்காது.