நியூமோசிஸ்டிஸ் நுரையீரல் அழற்சி: தடுப்பறிவும் காலத்தாழ்வும் (1909–1989)

நோயெதிர்ப்பாற்றல் குன்றியோரிடத்து மட்டுமே கடுநோயாக வெளிப்படும் தொற்றுகள் ‘வாய்ப்புசார் தொற்றுகள்’ எனப்படும். ஆகவே அவற்றின் வரலாறு கிருமியின் வரலாறாக மட்டுமன்றி, எதிர்ப்பாற்றல் இழந்த மக்களின் வரலாறாகவும் அமைகிறது. நியூமோசிஸ்டிஸ் என்னும் பூஞ்சை உண்டாக்கும் நுரையீரல் அழற்சி இதற்குத் தக்க சான்றாகும்.

1909இல் பிரேசில் மருத்துவர் கார்லோஸ் சாகஸ், கினிப்பன்றியின் நுரையீரலில் இவ்வுயிரியைக் கண்டார். ஆயினும் தாம் ஆராய்ந்துவந்த டிரிப்பனோசோமா ஒட்டுண்ணியின் ஒரு பருவமாகவே அதனைக் கருதினார். 1912இல் பாரிசில் டெலனோயே இணையர் அது தனி உயிரி என நிறுவினர். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பாவில் குறைமாதக் குழந்தைகளும் ஊட்டம் குன்றிய குழந்தைகளும் ஒருவகை நுரையீரல் அழற்சிக்கு இரையாயினர். அதற்கும் இவ்வுயிரிக்கும் உள்ள தொடர்பை 1950களின் தொடக்கத்தில் செக்கோஸ்லோவாக்கிய அறிஞர்கள் வானெக், யீரோவெட்ஸ் ஆகியோர் வெளிப்படுத்தினர்.

அடுத்து இந்நோய்க்கு ஆளானோர், எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் புற்றுநோய் மருந்துகளை உட்கொண்ட குழந்தைகள். 1977இல் அமெரிக்க மருத்துவர் வால்டர் ஹியூஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், டிரைமெத்தோபிரிம்–சல்பாமெத்தாக்சசோல் கூட்டுமருந்து பெற்ற 80 பேரில் ஒருவருக்கும் இந்நோய் வரவில்லை. போலிமருந்து பெற்ற 80 பேரில் 17 பேருக்கு வந்தது. நோயை முன்கூட்டியே தடுக்கலாம் என்பது இதனால் உறுதியாயிற்று.

1981இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தில், இந்நோய்க்குரிய அரிய மருந்தான பென்டமிடினைக் கேட்டு வழக்கத்திற்கு மாறாக வந்த வேண்டுகோள்களைப் பணியாளர் சாண்ட்ரா ஃபோர்டு கவனித்தார். அவ்வாண்டு ஜூன் 5ஆம் நாள் அம்மையம், லாஸ் ஏஞ்சல்சில் இந்நோயுற்ற 5 இளைஞர்களைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. பின்னர் எய்ட்ஸ் எனப் பெயர்பெற்ற நோயின் முதல் பதிவு அதுவே. தடுப்புமுறை நான்காண்டுகளுக்கு முன்னரே அறியப்பட்டிருந்தும், எச்.ஐ.வி. தொற்றுடையோருக்கான அரசு வழிகாட்டுதல் 1989இல்தான் வெளிவந்தது. சல்பா மருந்தின் பக்கவிளைவுகள் இவர்களிடம் மிகுதி என்பதும், இவர்களிடமே சோதித்த சான்று வேண்டும் என்பதும் தயக்கத்திற்குக் காரணங்களாயின. நோயாளியும் செயற்பாட்டாளருமான மைக்கேல் காலன் 1987இலேயே வழிகாட்டுதலைக் கோரியிருந்தார்.

இவ்வுயிரி பூஞ்சையே என்பது 1988இல் ரைபோசோம் ஆர்.என்.ஏ. ஆய்வால் தெளிந்தது. அதனை ஓரணு ஒட்டுண்ணியாகக் கருதிய காலத்திலேயே தடுப்புமருந்து பயனளித்தமையால், உயிரியின் இனம் அறியாமை காலத்தாழ்வுக்குக் காரணமன்று. ஒரு நோயாளர் குழுவிடம் பெற்ற தடுப்பறிவு, மற்றொரு குழுவினர்க்கான பொதுநெறியாக 12 ஆண்டுகள் ஆயின. அவ்விடைவெளியில் நேர்ந்த, தவிர்த்திருக்கத்தக்க இறப்புகளையும் உள்ளடக்கியதே இந்நோயின் வரலாறு.