தலைநகரின் வானில் பருந்தும் பாறும்

டில்லியின் வரலாற்றைக் கூறப் புகுந்தோர் ஏழு நகரங்களைப் பற்றியும், அவற்றை எழுப்பிய மன்னர்களைப் பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். அந்நகரங்கள் அனைத்திற்கும் மேலே வட்டமிட்டுக் கொண்டிருந்த குடிகளைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. டில்லியில் வீட்டு மாடியில் நின்று அண்ணாந்து பார்க்கும் எவருக்கும் முதலில் தென்படுவது கள்ளப்பருந்து. ஒரு தலைமுறைக்கு முன்னர் வரை அதனினும் உயரத்தில் பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகும் தென்பட்டது. இன்று அவ்விடம் வெறுமையாக உள்ளது. மனிதன் தன் வாயிலருகே வாழும் இத்தகைய பறவைகளை எவ்வாறு நோக்கினான், எவ்வாறு எண்ணினான், எவ்வாறு படமாக்கினான் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

மொகலாய மன்னர்களின் கண்ணில் வேட்டைப் பறவை ஓர் அரசுச் செல்வம். இராசாளிகளையும் வல்லூறுகளையும் பழக்கி வேட்டையாடுவதற்கென்றே தனி அலுவலர்கள் இருந்தனர். 1619-ஆம் ஆண்டில் பாரசீகத்தின் ஷா அப்பாஸ், ஜஹாங்கீருக்கு அரிய நிறமுடைய இராசாளி ஒன்றை அனுப்பினார். வழியில், காவலரின் கவனக் குறைவால், பூனையொன்று அதனைக் கடித்துவிட்டது. அரண்மனையை அடைந்த அப்பறவை ஒரு வாரமே உயிர் வாழ்ந்தது. பேரரசர் செய்தது யாது? தம் ஓவியர் உஸ்தாத் மன்சூரை அழைத்து, அதன் உருவத்தை உள்ளவாறே தீட்டி வைக்குமாறு ஆணையிட்டார். தம் நினைவுக் குறிப்பிலும் இதனை எழுதி வைத்தார். இழந்துவிடுவோம் என்னும் அச்சமே படம் எடுக்கத் தூண்டுகிறது என்பதற்கு இதனினும் பழைய சான்று தேட வேண்டியதில்லை. ஆயினும், அரண்மனையின் கூரைமீது அமர்ந்திருந்திருக்கக் கூடிய சாதாரணப் பருந்தை வரையுமாறு மன்னர் எவரும் ஓவியரை ஏவியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. அருமையானதற்கே மதிப்பு, அருகில் உள்ளதற்கு இல்லை. இந்தப் பழக்கம் மொகலாயரோடு முடிந்துவிடவும் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் துப்பாக்கியே பறவை நூலோரின் கருவியாயிற்று. காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணமாயிருந்த ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம், பறவை நூலிலும் பேரறிஞர். 1869-இல் அவர் வெளியிட்ட குறிப்பு நூலின் முதற்பகுதி வேட்டைப் பறவைகளைப் பற்றியதே. அவர் பல்லாண்டு உழைத்து எழுதி வைத்திருந்த கையெழுத்துப் பிரதிகளை ஊழியன் ஒருவன் பழங்காகிதமாக விற்றுவிட்டான். மனம் முறிந்த ஹ்யூம், முட்டைகளும் பாடம் செய்த உடல்களுமாகச் சுமார் 82,000 பொருள்கள் கொண்ட தம் தொகுப்பை 1885-இல் லண்டன் பொருட்காட்சி சாலைக்கு அளித்துவிட்டார். அதே ஆண்டின் இறுதியில்தான் மகாசபை கூடியது.

சுட்டு அறிவதை விட்டுக் கண்டு அறியும் வழக்கம் டில்லியில் வேரூன்றியது விடுதலைக்குப் பின்னரே. காந்தியடிகளின் நண்பரும், 1947 ஆகஸ்டில் கல்கத்தாவில் அவர் அருகே இருந்தவருமான ஹோரேஸ் அலெக்சாண்டர், தொலைநோக்கிக் கண்ணாடி ஒன்றையே துணையாகக் கொண்டு பறவைகளைத் தேடித் திரிந்தவர். அவரும் படைத்தலைவர் சர் ஹெரால்ட் வில்லியம்ஸும் சேர்ந்து 1950-இல் டில்லிப் பறவை நோக்குவோர் சங்கத்தை நிறுவினர். பின்னாளில் பிரதமரான இந்திரா காந்தியும் அதில் உறுப்பினராயிருந்தார்.

புகைப்படக் கலையும் இக்காலத்தில்தான் இத்துறையில் வேகமாக வளர்ந்தது. ரெயில்வேயில் பணியாற்றிய லோதர் என்பவர் இந்தியாவில் பறவைகளைப் படமெடுத்த தம் அனுபவங்களை 1949-இல் நூலாக்கினார். சிங்கப்பூர் வீழ்ந்தபோது தப்பி இந்தியா வந்து, சலீம் அலியின் நண்பரான லோக் வான் தோ என்னும் செல்வர், 1957-இல் தம் படங்களை வெளியிட்டார். அவருடைய மனைவியார் கிறிஸ்டினா லோக், பிரிட்டிஷ் ஹை கமிஷனர் மால்கம் மக்டொனால்டின் புது டில்லித் தோட்டத்துப் பறவைகளைப் படம் பிடித்தார். அந்நூல் 1960-இல் வந்தது. வீட்டை விட்டு அகலாமல், தோட்டத்து மரங்களையே உலகமாகக் கொண்டு எழுதப்பட்ட நூல் அது. அந்த வகையில் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

அக்காலத்தில் கூடுகட்டும் பறவையைப் படமெடுப்பது எளிய காரியமன்று. கூட்டிற்குச் சற்றுத் தொலைவில் துணியால் ஒரு மறைப்பு அமைப்பார்கள். நாள்தோறும் அதனைச் சிறிது சிறிதாக நெருங்கச் செய்வார்கள். பின்னர் இருவர் மறைப்பினுள் நுழைவர். ஒருவர் மட்டும் வெளியேறுவார். ஒருவர் செல்வதைக் கண்ட பறவை, ஆபத்து நீங்கிற்று என்று நம்பிக் கூட்டிற்குத் திரும்பும். உள்ளே இருப்பவர் வெப்பத்தில் வெந்தவாறு மணிக்கணக்காகக் காத்திருந்து, விரல்விட்டு எண்ணத்தக்க படங்களோடு மீள்வார்.

படமெடுப்போர் இவ்வாறு கூடுகளருகே காத்திருக்க, சோவியத் நாட்டு அறிஞர் காலுஷின் வேறொரு பணியில் ஈடுபட்டார். டில்லியின் 150 சதுர கிலோ மீட்டர் பரப்பில் கூடுகட்டும் ஊனுண்ணிப் பறவைகளை அவர் கணக்கெடுத்தார். 1971-இல் வெளியான அவர் கணக்கின்படி, கள்ளப்பருந்துகள் சுமார் 2,400 இணைகள். வெண்முதுகுப் பாறுகள் சுமார் 400 இணைகள். உலகில் வேறெந்தப் பெருநகரிலும் இத்துணை நெருக்கமாக இவை வாழ்ந்ததாக அன்று பதிவில்லை. புது டில்லியின் சாலையோர மரங்களிலேயே பாறுகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தன. நகரத்தார்க்கு அவை அருவருப்பாயிருந்தன. இறந்த மாட்டை ஒரு நாளில் எலும்பாக்கிவிடும் அவற்றின் தொண்டுக்குச் சம்பளமும் இல்லை, நன்றியும் இல்லை.

பின்னர் நிகழ்ந்தது பறவைகளின் வரலாற்றிலேயே கொடிய வீழ்ச்சிகளுள் ஒன்று. டில்லிக்குத் தெற்கே பரத்பூரில் ஆராய்ச்சி நடத்திய விபு பிரகாஷ், பத்தாண்டுக்குள் அங்குள்ள பாறுகளின் கூடுகள் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டதை 1999-இல் அறிவித்தார். கழுத்துத் தொங்க மரக்கிளையில் அமர்ந்திருந்த பறவைகள் திடீரென விழுந்து மடிந்தன. தொற்றுநோய் என்றே பலரும் கருதினர். பாகிஸ்தானில் ஆராய்ந்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் 2004-இல் உண்மையை வெளியிட்டனர். மாடுகளின் வலிநீக்க அளிக்கப்படும் டைக்குளோபினாக் என்னும் மருந்தே காரணம். மருந்துண்ட மாடு இறந்து, அதன் இறைச்சியைப் பாறு உண்டால், அதன் சிறுநீரகம் பழுதாகி, உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்பு பூசியது போல் யூரிக் அமிலம் படிந்து உயிர் போகும். நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இம்மருந்து இருந்தாலே அழிவுக்குப் போதும் என்று கணித்தனர். ஆண்டிற்கு ஒரே முட்டையிடும் பறவை இதனை எங்ஙனம் தாங்கும்? 1992-க்கும் 2007-க்கும் இடையே வெண்முதுகுப் பாறுகள் நூற்றுக்கு 99.9 பங்கு அழிந்தன.

இந்திய அரசு 2006-இல் கால்நடைகளுக்கு இம்மருந்தைத் தடை செய்தது. மனிதர்க்கான பெரிய குப்பிகள் மாட்டுத் தொழுவத்தை அடைந்துகொண்டே இருந்தமையால், 2015-இல் அவற்றையும் தடுத்தது. அதே தீமை செய்யும் அசிக்குளோபினாக், கீட்டோபுரோபென் ஆகிய இரண்டும் 2023-இல் தடையாயின. தடைகள் ஒவ்வொன்றும் வரப் பல ஆண்டுகள் ஆயின என்பதை வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியுள்ளது.

பாறு மறைந்த நகரில் பருந்து நிலைத்தது. பழைய டில்லியில் பருந்துகளுக்கு இறைச்சித் துண்டுகளை வானில் எறிவது முஸ்லிம் மக்களிடையே தருமமாகக் கருதப்படுகிறது. அத்தகைய பகுதிகளை அண்டியே பருந்துகள் மிகுதியாகக் கூடமைக்கின்றன என்று அண்மைக் கால ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அவற்றுக்கும் ஓர் இடர் உண்டு. கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூல், பட்டம் விடும் விடுதலை நாளையொட்டி எண்ணற்ற சிறகுகளை அறுக்கிறது. வசீராபாத்தில் நதீம் ஷெஹ்சாத், முகம்மது சவுத் என்னும் சகோதரர் இருவர், தம் வீட்டு நிலவறையிலேயே இப்பறவைகளுக்குச் சிகிச்சை தொடங்கினர். ஊனுண்ணும் பறவை என்பதால் மருத்துவமனை ஒன்று ஏற்க மறுத்ததே அதற்குக் காரணம். அவர்களைப் பற்றி ஷௌனக் சென் எடுத்த ஆவணப்படம் 2022-இல் சண்டான்ஸ் விழாவில் பரிசு பெற்றது. ஜஹாங்கீர் காலத்தில் வரையப்படாத கள்ளப்பருந்து, நானூறு ஆண்டு கழித்து உலகத்தின் முன் திரையில் தோன்றியது.

இன்று படமெடுப்பதற்கு மறைப்பும் வேண்டாம், நாட்கணக்கான காத்திருப்பும் வேண்டாம். நீண்ட வில்லை பொருத்திய கருவியைக் கொண்டு மாடியிலிருந்தே நூறு படங்கள் எடுக்கலாம். ஆனால் அன்றைய கலைஞர் பெருமையோடு காட்டிய கூட்டுப் படத்தை இன்று பல பறவை ஆர்வலர் குழுக்கள் ஏற்பதில்லை. மனிதன் நெருங்கினால் தாய் அஞ்சி விலகும். கூடு வெயிலுக்கும் காகத்திற்கும் இரையாகும். நாம் இதனை நல்ல மாற்றம் என்றே கருதுகிறோம். டில்லிப் பருந்து மட்டும் இவ்விதியைத் தானே நிறைவேற்றிக் கொள்ளும். குஞ்சுள்ள கூட்டருகே மாடியில் உலாவுவோரின் தலையை நோக்கி அது அம்பு போல் பாயும்.

குளிர்காலத்தில் மாடி ஏறுவோர்க்கு மற்றொரு காட்சியும் உண்டு. அப்போது வானில் உள்ள பருந்துகள் அனைத்தும் ஊர்ப் பருந்துகள் அல்ல. இறகின் கீழ்ப்புறத்தில் வெண்மைத் திட்டுப் பெரிதாகவும், கண்ணின் பின்னே கருமை படர்ந்தும் இருப்பவை வடநாட்டு விருந்தினர். அவற்றின் முதுகில் சிறு கருவி பொருத்தி விண்கோள் வழியே தொடர்ந்த ஆராய்ச்சியாளர், 2020-இல் அவற்றின் வழியை வெளியிட்டனர். கஜகஸ்தான், ரஷ்யா, சீனா, மங்கோலியா ஆகிய நாடுகள் கூடும் எல்லைப் பகுதியே அவற்றின் தாயகம். இமயத்தைக் கடந்து, 3,300 முதல் 4,800 கிலோ மீட்டர் வரையுள்ள தொலைவைச் சுமார் நான்கு வாரங்களில் பறந்து முடிக்கின்றன. அவற்றுள் பல, குளிர்காலப் பகல்களைக் காஜிப்பூர்க் குப்பை மேட்டின்மேல் கழித்துவிட்டு, அந்தி சாய்ந்ததும் மரத்தோப்புகளில் நூற்றுக்கணக்காக வந்து அடைகின்றன.