7ஏ பிறந்த கதை

சுயமரியாதைத் திருமணங்கள் ஊரறிய நடந்தவை. புரோகிதரும் மந்திரமும் இருக்காது. மேடை இருக்கும், கூட்டம் இருக்கும், தலைவர்களின் பேச்சு இருக்கும். அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் 1928-ல் பெரியார் நடத்திவைத்ததை முதல் திருமணம் என்பார்கள்.

ஊர் ஏற்றதைச் சட்டம் ஏற்கவில்லை. சடங்கில்லாத அத்தகைய மணம் செல்லாது என்று 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல வருஷம் குடித்தனம் நடத்திய பெண்கள் சட்டப்படி மனைவியே இல்லை என்றாகிவிட்டது. பிள்ளைகளின் சொத்துரிமையும் கேள்விக்குள்ளானது.

1967-ல் ஆட்சிக்கு வந்த அண்ணா, இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்க்கச் சட்டம் கொண்டுவந்தார். 1968 ஜனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லுபடியாயின. உறவினர், நண்பர் அல்லது வேறு யாரேனும் முன்னிலையில், ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகத் தங்களுக்குப் புரிந்த மொழியில் சொல்லலாம்; மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம், தாலி கட்டலாம். இவற்றில் ஒன்று போதும்.

மண்டபம் வேண்டும், முன்னறிவிப்பு வேண்டும் என்றெல்லாம் அந்தப் பிரிவு கேட்கவில்லை. சிறப்புத் திருமணச் சட்டமோ 30 நாள் அறிவிப்பை அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்கிறது. சாதி மாறிக் காதலித்தவர்களுக்கு அந்த 30 நாள் உயிருக்கே உலை வைக்கும். அவர்கள் வக்கீல் அறைகளைத் தேடிப் போய், நாலு பேர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டார்கள். மேடைக் கல்யாணத்துக்காகப் பிறந்த பிரிவு, மறைந்து மணக்க வேண்டியவர்களுக்கும் அடைக்கலமானது.

வக்கீல் அறையில் ரகசியமாக நடப்பது திருமணமாகாது என்றது 2014-ல் உயர் நீதிமன்றம். பிறகு, மனைவியைப் பெற்றோர் அடைத்துவைத்திருப்பதாக ஓர் இளைஞர் தொடுத்த ஆட்கொணர்வு மனுவும் தள்ளுபடியானது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2023 ஆகஸ்ட் 28 அன்று, 2014 தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. பகிரங்க அறிவிப்பைக் கட்டாயமாக்கினால் மிரட்டலுக்கு உள்ளாகும் ஜோடிகளின் உயிருக்கே ஆபத்து. வக்கீல்களும் நண்பர் என்ற முறையில் நடத்திவைக்கலாம் என்றது. வாழ்க்கையை அறிந்து சொன்ன தீர்ப்பு அது.

ஆனால் 7ஏ இரு இந்துக்களுக்கு மட்டுமே. மதம் மாறாமல் வேறு மதத்தவரை மணக்க நினைப்பவர் இன்றும் பெரும்பாலும் அந்த 30 நாள் அறிவிப்பைத் தாண்டித்தான் வர வேண்டும். நாடாளுமன்றம் அதை நீக்க வேண்டும்.