டயாலிசிஸ் வகையும் ஹார்மோன், ஊட்டச்சத்து நிலையும்

சிறுநீரகம் செயலிழந்தவருக்குக் கழிவை அகற்றும் சிகிச்சை டயாலிசிஸ். அது ரத்த டயாலிசிஸ், வயிற்று டயாலிசிஸ் என இரு வகைப்படும். இரண்டும் யூரியாவையும் மிகை நீரையும் நீக்குகின்றன. ஆனால் உடலிலிருந்து எதை எடுக்கின்றன, எதை உள்ளே விடுகின்றன என்பதில் வெகுவாக வேறுபடுகின்றன. ஆகவே இரு வகை நோயாளிகளுக்கும் ஒரே உணவுப் பட்டியலைக் கொடுப்பது தவறு.

ரத்த டயாலிசிஸில் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து உருவாக்கிய ஃபிஸ்டுலா வழியாக ரத்தம் இயந்திரத்துக்குச் சென்று சுத்தமாகித் திரும்புகிறது. வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் என்பது பொது வழக்கம். இந்தியாவில் பலருக்கு வாரம் இரு முறையே கிடைக்கிறது. ஒரு அமர்வுக்கு மட்டும் ஏறத்தாழ 120 லிட்டர் சுத்திகரித்த நீர் செலவாகும். வயிற்று டயாலிசிஸில் நிலையாகப் பொருத்திய குழாய் வழியாக இரண்டு லிட்டர் திரவத்தை வயிற்றறைக்குள் விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்து, புதிய பை மாற்றுவார்கள். வழக்கமாக நாளுக்கு நான்கு முறை. வீட்டிலேயே செய்யும் இம்முறை இந்தியாவில் 1991-இல் தொடங்கியது.

ஊட்டச்சத்து வேறுபாட்டின் வேர் வயிற்று டயாலிசிஸ் திரவத்தில் இருக்கிறது. உடலிலுள்ள மிகை நீரை இழுப்பதற்காக அதில் குளுக்கோஸ் சேர்க்கப்படுகிறது. ஒன்றரை சதவீதப் பை மூன்றும் இரண்டரை சதவீதப் பை ஒன்றும் மாற்றுபவரின் வயிற்றுக்குள் ஒரு நாளில் 140 கிராம் குளுக்கோஸ் போகிறது. அதில் 60 முதல் 80 சதவீதம் ரத்தத்தில் கலந்துவிடும். வாயால் எதுவும் உண்ணாமலேயே, 100 கிராம் அரிசியை வடித்த சோற்றுக்கு ஏறத்தாழ இணையான கலோரி சேர்கிறது. அதே நேரத்தில் வடியும் திரவத்தோடு நாளுக்கு 5 முதல் 15 கிராம் புரதம் வெளியேறுகிறது. வயிற்றறையில் தொற்று வந்தால் இந்த இழப்பு இன்னும் கூடும். ரத்த டயாலிசிஸில் புரதம் பெரும்பாலும் தங்கிவிடும், அமினோ அமிலங்கள் மட்டும் அமர்வுக்குச் சில கிராம் போகும். ஆகவே வயிற்று டயாலிசிஸ் செய்பவர் எடை கூடிக்கொண்டே சத்துக் குறைந்தவராக இருக்க முடியும். எடைக் கருவியை மட்டும் பார்த்து நிம்மதி அடையக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

ஹார்மோன்களிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. 1994-இல் கண்டறியப்பட்ட லெப்டின், கொழுப்புத் திசுவில் சுரந்து பசியை அடக்கும் ஹார்மோன். அதை வெளியேற்றுவது முக்கியமாகச் சிறுநீரகமே என்பதால் நோயாளிகளின் ரத்தத்தில் அது தேங்குகிறது. நுண்துளை பெரிதான வடிகட்டிகள் அதில் ஒரு பகுதியை அகற்றும். சாதாரண வடிகட்டிகளால் முடியாது. வயிற்று டயாலிசிஸில் கொழுப்பு கூடுவதாலும், தொடர்ந்து குளுக்கோஸ் ஏறி இன்சுலின் உயர்வதாலும் லெப்டின் மேலும் உயரும். வயிற்றில் இரண்டு லிட்டர் திரவம் நிறைந்திருக்கும் உணர்வும் சேர்ந்து உணவை வெறுக்க வைக்கிறது. திரவத்தை வடித்த பிறகு சாப்பிடச் சொல்வது இதனால்தான்.

தைராய்டு ஹார்மோனான தைராக்சின், அதைச் சுமக்கும் புரதத்தோடு சேர்ந்து வயிற்றுத் திரவத்தில் வெளியேறும். பெரும்பாலோருக்குத் தைராய்டு அதை ஈடுகட்டிவிடும். வைட்டமின் டி-யும் அவ்வாறே தன் சுமைப் புரதத்தோடு போகிறது. ரத்த டயாலிசிஸில் சிக்கல் வேறு மாதிரி: ரத்தம் உறையாமலிருக்க அப்போது செலுத்தும் ஹெப்பரின், கட்டற்ற தைராக்சினின் அளவைச் சிறிது நேரம் உயர்த்திக் காட்டும். எனவே தைராய்டு பரிசோதனைக்கு ரத்தத்தை அமர்வுக்கு முன்பே எடுக்க வேண்டும். பாராதைராய்டு ஹார்மோன் வயிற்று டயாலிசிஸில் சராசரியாகக் குறைவாக இருக்கும், எலும்பு புதுப்பித்தலும் மந்தமாகலாம். ரத்தச் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்டின் ஊசியும் வயிற்று டயாலிசிஸ் செய்பவர்களுக்குக் குறைவாகவே தேவைப்படும். ஏனெனில் ரத்தம் வீணாவதில்லை, எஞ்சிய சிறுநீரகச் செயல்பாடும் நீடிக்கிறது. புரோலாக்டின் உயர்வும் டெஸ்டோஸ்டிரோன் குறைவும் இரு வகையிலும் உண்டு.

இந்த வேறுபாடுகள் அன்றாட உணவில் எப்படித் தெரியும் என்பதற்குத் திருவண்ணாமலையை எடுத்துக்கொள்ளலாம். அங்கே, குறிப்பாகச் செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றிய பகுதியில், சைவ உணவே பழக்கமானவர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். டயாலிசிஸ் செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். இரண்டு இட்லியில் நான்கு கிராம் அளவே கிடைக்கும். பருப்பு, சுண்டல், தயிர், பனீர், சோயா ஆகியவற்றைத் திட்டமிட்டுக் கூட்டினால்தான் இலக்கை எட்ட முடியும். பருப்பிலுள்ள பாஸ்பரஸ் முழுதாக உடலில் சேர்வதில்லை என்பது சைவ உணவுக்காரருக்குச் சாதகம். சோறும் பொங்கலும் மிகுந்த தட்டு, வயிற்று டயாலிசிஸ் செய்யும் சர்க்கரை நோயாளிக்கு ஏற்கெனவே ஏறும் குளுக்கோஸின் மேல் மற்றொரு சுமை.

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் விற்கும் இளநீரிலும் டயாலிசிஸ் வகையைப் பார்க்க வேண்டும். ஒரு காயின் நீரிலேயே 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கலாம். இரு அமர்வுகளுக்கு இடையிலுள்ள நாட்களில் பொட்டாசியம் தேங்கும் ரத்த டயாலிசிஸ் நோயாளிக்கு அது இதயத் துடிப்பையே குலைத்துவிடக்கூடும். தினமும் பை மாற்றுபவருக்குப் பொட்டாசியம் தொடர்ந்து வெளியேறுவதால் கட்டுப்பாடு தளரும், சிலருக்குக் குறைந்தும் போகும். ஆனாலும் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தே குடிக்கலாமா என்று சொல்ல முடியும்.

  2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வயிற்று டயாலிசிஸ் பைகளை வீட்டுக்கே கொண்டு தருவதும் ஒரு பகுதி.