“கருதப்படுகின்றது” என்னும் வழக்கின் வரலாறு

பழனி மலைத்தொடரின் கீழ்ச்சாரலில், மருதாநதி பாயும் அய்யம்பாளையத்தில் ஓர் உழவரை அணுகி, அவ்வாறு எங்குப் பிறக்கின்றது என வினவினால், “மேலே மலைக்குள்ளே என்பார்கள்” என விடை வரும். தாம் நேரிற் கண்டதன்று, பிறர் சொல்லக் கேட்டது என்னும் வரையறை அந்த ‘என்பார்கள்’ என்ற ஒரு சொல்லினுள் அடங்கிவிடுகின்றது. சொன்னவர் இன்னார் எனத் தெரியாவிடினும் சொன்னவர் சிலர் உளர் என்பது மறையவில்லை. அதே செய்தி அச்சேறி நூலாகும்போது, “அவ்வாறு மலையிற் பிறப்பதாகக் கருதப்படுகின்றது” என்றாகின்றது. கருதுவோர் யாவர்? ஒருவரா, பலரா? கண்டவரா, கேட்டவரா? வாக்கியம் வாய் திறவாது. இவ்விரண்டு வழக்குகளுக்கும் இடையே உள்ள தொலைவு நடைபற்றியது மாத்திரமன்று. ஒரு கொள்கையை ஆராய்தற்கு வேண்டும் முதற் கருவியைப் பற்றியதாம்.

ஆங்கிலத்தில் இவ்வழக்கு மிகப் பரந்தது. பார்த்தல் என்னும் பொருளிற் பிறந்த ‘ரிகார்ட்’, பற்றிக்கொள்ளல் என்னும் பொருளுடைய ‘ஹோல்ட்’, தீர்ப்புரைத்தல் என்னும் பொருளிலிருந்து வந்த ‘டீம்’ முதலிய வினைகள் யாவும் செயப்பாட்டு வடிவிற் புகுந்து, கருதப்படும் பொருளை எழுவாயாக்கிக் கருதுவோனை வெளியே நிறுத்திவிடுகின்றன. அவற்றுள்ளும் நுண்ணிய வேற்றுமை உண்டு. ‘ரிகார்ட்’ என்னும் வினை ‘ஆக’ என்னும் பொருள்படும் இடைச்சொல் ஒன்றை வேண்டிநிற்கும். ‘கன்சிடர்’ என்பது அஃதின்றியும் நடக்கும். ‘ஹோல்ட்’ என்பதற்குப் பின் ‘இருத்தல்’ என்னும் வினை வரும். தமிழில் மொழிபெயர்ப்போர் இவை எல்லாவற்றையும் ‘கருதப்படுகின்றது’ என்னும் ஒன்றிலேயே கொட்டிவிடுகின்றனர்.

சட்ட நூல்களில் வரும் ‘டீம்’ என்பது மட்டும் வேறு வகையினது. ஒன்று உண்மையில் அவ்வாறன்றாயினும் அவ்வாறே கொள்க எனச் சட்டம் ஆணையிடுமிடத்தில் அச்சொல் வரும். ஆண்டுக் கொள்வோன் சட்டமே என்பது வெளிப்படையாகலின், அதனைச் சொல்லாமல் விடுதல் குற்றமாகாது.

அற்றேல், செயப்பாட்டு வடிவம் தமிழுக்கு முற்றும் புறம்பானதோ எனின், அன்று. தொல்காப்பியத்தின் முதற் சூத்திரத்திலேயே ‘எனப்படுப’ என்பதும் ‘என்ப’ என்பதும் அடுத்தடுத்து நிற்கின்றன. முன்னது எழுத்து என்னும் பெயரைப் பெறுவன எவை என்பதைக் குறிக்க, பின்னது அவற்றின் தொகையை முப்பது எனச் சொல்லும் ஆசிரியரைக் குறிக்கின்றது. பெயரிடும் இடத்திற் ‘படு’ வந்தது. கொள்கை கூறும் இடத்திற் கூறுவோரைச் சுட்டும் பலர்பால் வினை வந்தது. அந்நூல் முழுதும் ‘என்ப’, ‘மொழிப’, ‘என்மனார்’ என வருவனவெல்லாம் இவ்வகையினவே. செயப்படுபொருளையே செய்தது போலக் கூறும் மரபையும் தொல்காப்பியர் உடன்பட்டிருக்கின்றார். அதற்கு உரையாசிரியர்கள் திண்ணை மெழுகுதலை எடுத்துக்காட்டுவர். ஆண்டு வந்த வினையில் ‘படு’ இல்லை.

திருக்குறளில் இன்னும் நெருங்கிய சான்று உண்டு. முறைசெய்து குடிகளைக் காக்கும் மன்னனைப் பற்றி இறைமாட்சி அதிகாரத்திற் கூறுமிடத்து, அவன் இறைவன் என்று ‘வைக்கப்படும்’ என்றார் வள்ளுவர். இது மதிக்கப்படுதலையே குறிக்கும் செயப்பாட்டு வினை. ஆயினும் யாருக்கு அவன் அவ்வாறாவான் என்பதையும் அவர் விடவில்லை. மக்கட்கு என்று உடன் கூறியமைத்தார். இல்வாழ்க்கை அதிகாரத்தில் அதே சொல் மதிப்போர் பெயரின்றி வருகின்றது. ஆண்டு அது புகழுரை; வழக்கிலுள்ள பொருளன்று. ஆகலின் பழந்தமிழில் இவ்வடிவம் இல்லை என்று கூறுதல் பொருந்தாது. மாறுபட்ட கொள்கைகளை எடுத்துரைக்கும் சாத்திர உரைகளில் அது தலைமையான வழக்காக நிற்கவில்லை என்பதே கூறற்பாலது.

உரையாசிரியர் ஒருவரை மறுக்கப் புகுந்து அவர் பெயரைச் சொல்ல விரும்பாவிடின், ‘என்பாரும் உளர்’ என்றோ ‘ஒருசாரார்’ என்றோ எழுதுவர். பெயர் மறைந்தது, ஆள் மறையவில்லை. நன்னூலார் தம் பாயிரத்தில் எழுவகை மதங் கூறியபோதும், உடன்படுதல், மறுத்தல், பிறர் கொள்கையை முதலில் ஏற்றுப் பின் களைதல், இருவர் மாறுகொண்டவழி ஒன்றைத் துணிதல் என, ஒவ்வொன்றிலும் கொள்கையுடையார் ஒருவர் நிற்கவே காண்கிறோம். மதம் என்றால் மதிப்பவன் இன்றியமையான்.

தமிழிற் செயப்பாட்டு வினையின் இயல்பை மேனாட்டார் நோக்கோடு விரித்தாராய்ந்தவர் கால்டுவெல் ஐயர். 1814இல் அயர்லாந்திற் பிறந்து, 1838இற் சென்னைக்கு வந்து, இடையன்குடியில் நெடுங்காலம் உழைத்த அவர், முதுமையில் அய்யம்பாளையத்துக்கு மேலெழும் அதே மலைத்தொடரிலுள்ள கோடைக்கானலில் 1891ஆம் ஆண்டு ஆகஸ்டு 28இல் உயிர் நீத்தார். அவரது உடல் மலையிலிருந்து இடையன்குடிக்குக் கொண்டுசெல்லப்பெற்று அடக்கஞ் செய்யப்பெற்றது. 1856இல் வெளிவந்து 1875இல் விரிவுற்ற அவர்தம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்திற் செயப்பாட்டு வினைக்கெனத் தனியிடம் உண்டு. திராவிட மொழிகளில் அப்பொருளைத் தரும் விகுதி வேறாக இல்லை என்பதும், ‘படு’ என்னும் துணைவினையே அதற்கு உதவுகின்றது என்பதும், ‘உடைந்தது’ போன்ற வினைகள் ‘உடைக்கப்பட்டது’ என்பதன் பொருளைத் தாமே தரவல்லன என்பதும் அவர் கண்டவை. ‘படு’ என்பதன் முதற்பொருள் வீழ்தல், உறுதல் என்பன. அடிபட்டான், பாடுபட்டான், அகப்பட்டான் என்னும் வழக்குகளில் அப்பொருள் இன்றும் கெடாமல் உள்ளது. பெரியோரைப் பற்றி எழுதுவார் சிலர் ‘போற்றப்படுகின்றார்’ என்பதை விடுத்துப் ‘போற்றப்பெறுகின்றார்’ என எழுதுவதற்கும், ‘படு’ என்பதில் துன்பத்தின் சாயல் ஒட்டிக்கிடப்பதே காரணம் போலும்.

‘கருதப்படுகின்றது’ என்பது உரைநடையிற் பெருகியது 19ஆம் நூற்றாண்டு முதல் மொழிபெயர்ப்பும் செய்தித்தாளும் பாடநூலும் பெருகியதோடு ஒத்து நிகழ்ந்தது. சைவ உரைநடைக்கு அடிகோலிய ஆறுமுக நாவலரே இளமையிற் பீட்டர் பெர்சிவல் ஐயருடனிருந்து விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர். ஆயினும் ஆங்கிலத்தின்மேல் மட்டும் பழி சுமத்துதல் முறையன்று. வடமொழிச் சாத்திரங்களிலும் ‘சொல்லப்படுகின்றது’, ‘நினைக்கப்பட்டது’ என்னும் பொருள்படும் செயப்பாட்டு வடிவங்கள் ஏராளம். அவ்வழக்கில் ஊறிய உரையாசிரியர் தமிழிலும் ‘எனப்படும்’ என்பதைத் தடையின்றி ஆண்டனர். ஆங்கிலத்தின் வழியே புதிதாகப் பெருகியது, ஐயத்துக்கிடமான செய்தியையும் ஆளின்றி நடத்தும் துணிவு.

சைவ சித்தாந்த நூல்கள் இவ்வகையில் மிகக் கண்டிப்பானவை. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் உலகாயதன் முதலாகப் பதினான்கு மதத்தாரை ஒருவர்பின் ஒருவராக நிறுத்தி, அவரவர் கூற்றை அவரவர்க்கே உரியதாக்கி, அதன்பின்னரே மறுக்கின்றார். சக ஆண்டு 1235, அதாவது கி. பி. 1313ஐத் தன்னுட் குறித்துக்கொண்ட சங்கற்ப நிராகரணத்தில் உமாபதி சிவாசாரியாரும், மாயாவாதி முதலாக ஒருவன் கூற்றை அடுத்தவன் மறுக்குமாறு அமைத்துள்ளார். எவன் கூற்று எது என்பது மயங்குமாயின் அந்நூல்கள் ஓரடியும் நகரா. உலகம் செயப்படுபொருள், ஆகவே அதற்கு வினைமுதல் ஒருவன் உளன் என்று தொடங்குவது சிவஞானபோதம். அந்நூலைக் கற்றார், வினைமுதலை நீக்கி எழுதும் வாக்கியத்தில் அமைதி காணுதல் சற்று வியப்பே.

திருஞானசம்பந்தர் காலத்தைப் பற்றிய வழக்கு இதற்குத் தக்க சான்று. அவர் காலத்துப் பாண்டியனாகிய கூன்பாண்டியனுக்குச் சுந்தரபாண்டியன் என்னும் பெயரும் வழங்குதலின், மார்க்கோ போலோ தம் பயண நூலிற் குறித்த சுந்தரபாண்டியன் அவனே எனக் கால்டுவெல் ஐயர் கொண்டு, சம்பந்தரை 13ஆம் நூற்றாண்டின் இறுதிக்குக் கொணர்ந்தார். இம்முடிபு ‘13ஆம் நூற்றாண்டினர் எனக் கருதப்படுகின்றார்’ என்று மட்டும் ஒருவர் கைக்கு எட்டுமாயின், அவர் எதனைப் பற்றி நின்று ஆராய்வார்? கால்டுவெல்லின் முடிபோ பெயருடனும் காரணத்துடனும் நின்றது. திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராயிருந்த பெ. சுந்தரம் பிள்ளை அம்முடிபை எடுத்தாராய்ந்து, 1895இல் நூலாக வெளிவந்த தம் ஆங்கில ஆராய்ச்சியில் மறுத்து, சம்பந்தரை 7ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவராகக் கொள்ளலாகாது என நிறுவினார்.

மறுப்பின் பொருள் எளியது. சுந்தரபாண்டியன் என்னும் பெயர் பாண்டியருள் ஒருவர்க்கே உரியதன்று. 1014 வரை ஆண்ட முதல் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய 48 பேரை நியமித்தமையைக் கல்வெட்டுக் கூறுகின்றது. பாடியவர் 13ஆம் நூற்றாண்டினராயின் அவர் பதிகம் எவ்வாறு முன்னரே பாடப்பெறும்? வெங்கையாவும் வேறொரு வழியால் அதே காலத்தை அடைந்தார். சம்பந்தரோடு அளவளாவிய சிறுத்தொண்டர் வாதாபியை அழித்த படைத்தலைவர் என்கின்றது பெரியபுராணம். அவ்வழிவு முதலாம் நரசிம்மவர்மன் காலத்தது. 642ஐ ஒட்டி நிகழ்ந்தது.

சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் வெளிவந்ததும், கால்டுவெல் ஐயர் கோடைக்கானலில் மறைந்ததும் 1891 என்னும் ஒரே ஆண்டில். தம் முடிபின் மேலான மறுப்பு நூலாகி வெளிவந்ததைக் காண ஐயர் இருந்திலர். ஆனால் அதனை மறுத்தற்கு வேண்டிய காரணத்தைத் தம் நூலிலேயே எழுதிவைத்துச் சென்றார்.