குதிரைக்கு எமன், கோயிலுக்கு மாலை

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் சென்ற வாசகர்கள் முப்பந்தலை நெருங்கும்போது ஒரு மாற்றத்தைக் கவனித்திருப்பீர்கள். அதுவரை பொட்டலும் உடைமரமுமாக வந்த நிலம், ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்ததும் வயலும் குளமும் தென்னந்தோப்புமாக மாறிவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் இயற்கை விட்டுவைத்த வாசல் இது. இந்த வாசல் வழியே சீறி வரும் தென்மேற்குப் பருவக்காற்றுதான் இங்குள்ள காற்றாலைகளைச் சுழற்றுகிறது.

முற்காலத்தில் இது திருவிதாங்கூரின் வாசலாகவும் இருந்தது. வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியை அடக்க வந்த ஆங்கிலப் படை, 1809 பிப்ரவரி 10ஆம் நாள் ஆரல்வாய்மொழி அரண்களைக் கைப்பற்றிய பிறகே நாஞ்சில் நாட்டுக்குள் நுழைய முடிந்தது. இன்று இவ்வழியே படைகள் வருவதில்லை, பூக்கள் வருகின்றன. ஆரல்வாய்மொழி, செண்பகராமன்புதூர் வட்டாரத்துப் பிச்சியும் மல்லிகையும் அருகிலுள்ள தோவாளைச் சந்தைக்குச் செல்கின்றன. சேலத்து அரளியும் இக்கணவாயைத் தாண்டித்தான் அங்கே வந்து சேருகிறது. அங்கிருந்து பெரும்பகுதி கேரளக் கோயில்களுக்குப் போகிறது.

இந்தப் பூக்கூடைகளில் ஒன்றான அரளியைப் பற்றித்தான் நாம் இங்கே பேசப் போகிறோம். வீட்டைச் சுற்றி எந்தச் செடியை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று நீங்கள் எப்போதாவது குழம்பியிருந்தால், அரளியின் வரலாறு உங்களுக்கு நல்ல பாடமாக அமையும்.

இரண்டு செய்திகள்

2024ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த ஓர் இளம்பெண் திடீரென மரணமடைந்தார். வீட்டு முற்றத்தில் நின்ற அரளியின் இலையையும் பூவையும் அறியாமல் மென்றதே காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. அதே நாட்களில் பத்தனம்திட்டை மாவட்டத்தில் அரளி இலை தின்ற பசுவும் கன்றும் இறந்ததாகச் செய்தி வந்தது. மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவசம் போர்டு தன் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்க்கக் கூடாது என்று முடிவு செய்தது. மலபார் தேவசம் போர்டும் அவ்வாறே ஆணையிட்டது. துளசி, தெச்சி, ரோஜா போன்றவற்றைப் பயன்படுத்தும்படி சொல்லப்பட்டது. கோயிலை நம்பி நிற்கும் பூ வியாபாரத்துக்கு இது சிறிய செய்தியன்று.

மறு ஆண்டு, 2025இல், மற்றொரு செய்தி வந்தது. தோவாளை மாணிக்க மாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பாய் முடைந்தாற்போல் தட்டையாக, மாணிக்கக் கற்களைப் பதித்தது போல மின்னும் மாலை அது. அதை எதனால் கட்டுகிறார்கள், தெரியுமா? செவ்வரளி, வெள்ளரளி, நொச்சி இலை ஆகியவற்றால்!

ஓர் ஆண்டில் விலக்கப்பட்ட பூ, மறு ஆண்டில் ஒரு வட்டாரத்தின் பெருமைச் சின்னமாயிற்று. இவற்றுள் எது சரி? இரண்டும் சரியே என்பதுதான் விடை. எப்படி என்று பார்ப்போம்.

பெயரிலேயே எச்சரிக்கை

அரளி என்பது அலரி என்னும் சொல்லின் பேச்சு வடிவம். சங்க நூல்களில் கணவிரம் என வருவது செவ்வலரி என்பர். திருவாரூர் வட்டாரத்தில் உள்ள திருக்கரவீரம் என்னும் சிவத்தலத்தில் அலரியே தலமரம்; ஊரின் பெயரும் அதனால் வந்ததே. வடமொழியில் கரவீரம் என்றால் அலரி. ஆனால் இதே பூவுக்கு வேறொரு முகமும் உண்டு. சூத்திரகரின் 'மிருச்சகடிகம்' நாடகத்தில் கொலைக்களத்துக்கு அழைத்துச் செல்லப்படும் சாருதத்தனின் கழுத்தில் கிடப்பது கரவீர மாலை. இறைவனுக்கும் சூட்டினார்கள், மரண தண்டனை பெற்றவனுக்கும் சூட்டினார்கள்.

வடமொழியில் அலரிக்கு வழங்கும் இன்னொரு பெயர் நம் கவனத்துக்கு உரியது. அசுவமாரகம் என்பது அது. 'குதிரையைக் கொல்வது' என்பது அதன் பொருள். சுசுருத சங்கிதையின் கற்பத்தானப் பகுதியில் எட்டு வகை வேர் நஞ்சுகள் கூறப்பட்டுள்ளன. அவற்றுள் அசுவமாரமும் குன்றிமணியும் இடம் பெறுகின்றன. கடல் கடந்த உரோமாபுரியிலும் இதே அறிவு இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி, இச்செடியின் இலை நாற்கால் விலங்குகளுக்கு நஞ்சு என்று தம் 'இயற்கை வரலாறு' நூலில் எழுதி வைத்தார்.

கொச்சியிலிருந்த டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளியான 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்னும் பெருநூலில், அரளி மலையாளக் கரையின் பெயரோடேயே இடம் பெற்றது. 1753இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் அதற்கு நீரியம் ஓலியாண்டர் என்ற தாவரவியல் பெயரைச் சூட்டினார். அப்பெயரில் பழைய 'குதிரைக்கொல்லி' எச்சரிக்கை இல்லாமற் போயிற்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மீண்டும் வருவோம்.

இதயத்தில் என்ன நடக்கிறது?

அரளியின் வேர், பட்டை, இலை, பூ, விதை, பால் எல்லாவற்றிலும் நஞ்சு உண்டு. அதில் முதன்மையானது ஓலியாண்ட்ரின். இது இதய கிளைக்கோசைடுகள் என்னும் வேதிப்பொருள்களின் கூட்டத்தைச் சேர்ந்தது. இக்கூட்டத்தில் மருந்தும் உண்டு. 1785இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங் டிஜிட்டாலிஸ் செடியின் இலையால் நீர்க்கோவை நோய் தணிவதை விரிவாக எழுதினார். அந்தச் செடி வகையிலிருந்து பின்னர் எடுக்கப்பட்ட டிஜாக்சின் இன்றும் இதய நோய்க்கு மருந்தாக வழங்குகிறது.

மருந்தாகவும் நஞ்சாகவும் ஒரே பொருள் எப்படி வேலை செய்கிறது? நம் உயிரணு ஒவ்வொன்றின் சவ்விலும் ஒரு சிறிய இறைவை இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அது மூன்று சோடியம் அயனிகளை வெளியே இறைத்து, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே சேர்க்கிறது. இந்த இறைவையை 1957இல் கண்டறிந்தவர் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கூ. அதற்காக 1997இல் நோபல் பரிசு பெற்றார். கிளைக்கோசைடு இந்த இறைவையின் மேல் பூட்டுப் போட்டு விடுகிறது. அதனால் இதயத் தசையணுவுக்குள் சோடியமும், அதைத் தொடர்ந்து கால்சியமும் பெருகுகின்றன. அளவு சிறிதாயின் தளர்ந்த இதயம் வலுவாகச் சுருங்கும். அளவு மீறினால் துடிப்பின் ஒழுங்கு குலைந்து, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயம் நின்றுவிடவும் கூடும். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. கைவைத்தியமாக அரளியைத் தொடக் கூடாது என்பது இதனால்தான்.

காற்றுக்கு ஏற்ற செடி

இத்தனை நஞ்சுடைய செடியை நம் முன்னோர் ஏன் வெட்டி எறியவில்லை? அதன் இலையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். தோல் போன்ற தடிப்பு. மேலே மெழுகுப் பூச்சு. அடிப்புறத்தில் இலைத்துளைகள் வெளியே திறந்து கிடப்பதில்லை. மயிரடர்ந்த சிறு குழிகளுக்குள் ஒளிந்திருக்கின்றன. எவ்வளவு காற்று வீசினாலும் குழிக்குள் இருக்கும் ஈரம் எளிதில் பறிபோகாது. வறண்ட நிலத் தாவரத்துக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளித் தாவரவியலில் நீங்கள் படித்தது இந்த இலையைத்தான். ஆரல்வாய்மொழி போன்று காற்று வாட்டும் இடத்தில், அதிகத் தண்ணீர் கேட்காமல் ஆண்டு முழுதும் பூத்து நிற்கக் கூடிய செடிகள் சிலவே.

ஆடுமாடு கடிக்காது என்பதும் அதன் கசப்பினால் வந்த நன்மை. வேலி இல்லாத நந்தவனத்துக்கு இதைவிடப் பொருத்தமான செடி ஏது? நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் இன்று அரளியை வரிசையாக நட்டிருப்பதற்கும் காரணம் இதுவே; எதிர்வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசாமல் மறைக்கவும் அது பயன்படுகிறது. அரளிப்பூவைக் கையால் தொடுவதாலோ, கட்டிய மாலையை விக்கிரகத்துக்குச் சாத்துவதாலோ உயிருக்கு ஆபத்து இல்லை. அதன் பால் சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கலாம், அவ்வளவே.

இடம் மாறினால் ஆபத்து

ஆகவே நந்தவனத்து அரளி நல்ல செடி. விக்கிரகத்தின் மேல் அரளி நல்ல மாலை. அதே பூ பிரசாத இலையில் சந்தனத்தோடும் பழத்தோடும் கலந்து பக்தர் கைக்கு வரும்போதுதான் நஞ்சாகிறது. தேவசம் போர்டுகளின் முடிவுக்கும் புவிசார் குறியீட்டுக்கும் முரண்பாடு இல்லை என்று நாம் சொன்னது இதனால்தான்.

கால்நடைக்கும் இதே விதி பொருந்தும். செடியில் நிற்கும் பச்சை இலையை மாடு முகர்ந்துவிட்டு விலகும். ஆனால் கவாத்து செய்த கிளைகளை வெட்டிப் போட்டு, அவை காய்ந்துவிட்டால் கசப்புக் குறைந்துவிடும், நஞ்சு குறையாது. புல்லுக்கட்டோடு அது தொழுவத்துக்குள் போனால் மாட்டுக்குத் தெரியாது. பத்து இருபது இலைகளே ஒரு குதிரையையோ மாட்டையோ கொல்லப் போதும் என்பது கால்நடை மருத்துவ நூல்களின் கணக்கு. குதிரைக்கொல்லி என்ற பெயர் சும்மா வந்ததன்று! அரளிச் சருகை எரித்த புகையும், அரளிக் கொத்து வைத்த சாடியின் தண்ணீரும்கூட நல்லவை அல்ல. நாய்க்குட்டி குடிக்கும் பாத்திரத்தின் மேல் அரளி கவிந்து நிற்கவும் விடக் கூடாது.

புதுப் பெயர், பழைய நஞ்சு

இப்போது பெயர் விஷயத்துக்கு வருவோம். பழைய பெயர் எச்சரித்தது. இன்றைய நாற்றங்கால்களில் விற்கும் செடிகளின் பெயர் என்ன செய்கிறது? பாலைவன ரோஜா என்று ஒரு செடி மொட்டைமாடித் தொட்டிகளில் பரவி வருகிறது. அடினியம் என்பது அதன் பேரினப் பெயர். ரோஜாவுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. அது அப்போசைனேசி என்னும் அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அரளியினது போன்ற இதய நஞ்சே அதிலும் உள்ளது. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து நம் வேலிகளில் குடியேறிய மஞ்சளரளியும் இக்குடும்பமே. அதன் விதை குழந்தைகள் விளையாடும் கழற்சிக்காய் போலத் தோன்றும். அதுவே செடியில் மிகக் கொடிய பகுதி. முற்றத்து நித்தியகல்யாணியும் இவற்றுக்கு உறவுதான். அதிலிருந்து புற்றுநோய் மருந்து எடுக்கிறார்கள் என்பதனால் அது தின்னத் தகுந்தது ஆகிவிடாது.

வீட்டுக்குள் வைக்கும் அழகுச் செடிகளையும் பாருங்கள். டிஃபன்பாக்கியா, மணிச்செடி ஆகியவற்றின் இலையில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. கடித்த குழந்தைக்கும் நாய்க்கும் வாய் எரிந்து நாக்கு வீங்கும். சைகஸ் என்னும் ஈந்துப்பனை போன்ற செடியின் விதை நாயின் ஈரலைக் கெடுக்கும். பூங்கொத்துகளில் வரும் லில்லி பூனையின் சிறுநீரகத்தைப் பாழாக்கும். அதன் மகரந்தம் ஒட்டிய ரோமத்தை நக்கினாலே போதும். எல்லோரும் மருந்தென்று நம்பும் சோற்றுக்கற்றாழை நாய்க்கும் பூனைக்கும் வாந்தி பேதி உண்டாக்கும். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கில் இருக்கும் கொல்ச்சிசின் கடும் நஞ்சு.

அப்படியானால் எதை நடுவது? தோவாளைச் சந்தையின் மற்ற கூடைகளைப் பாருங்கள்: பிச்சி, மல்லிகை, ரோஜா. இவற்றோடு துளசியும் செம்பருத்தியும். குழந்தையும் நாயும் பூனையும் உலவும் முற்றத்துக்கு இவை பொதுவாகத் தீங்கற்றவை. அரளி வேண்டுமென்றால் வேலியோரம், கிணற்றுக்கும் தொழுவத்துக்கும் தள்ளி நடுங்கள்.

செடி வாங்கும்போது நீங்கள் கேட்க வேண்டியவை மூன்று கேள்விகள். இதன் உண்மையான தாவரப் பெயரும் குடும்பமும் எவை? இதை ஒடித்தால் பால் வடிகிறதா? இது நிற்கப்போகும் இடத்தில் யாருடைய வாய் எட்டும்? பால் வடியும் செடியெல்லாம் நஞ்சன்று. ஆல், அத்தியிலும் பால் உண்டு. ஆயினும் பாலைக் கண்டால் விசாரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

யாரேனும் அரளியை விழுங்கிவிட்டால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைத்துக் காலத்தைப் போக்க வேண்டாம். 108ஐ அழைத்து, தின்ற செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். இதயத் துடிப்பை வரைபடமாக எடுத்துப் பார்ப்பது அங்கே முதல் வேலை. டிஜாக்சினுக்கு எதிராகத் தயாரித்த எதிர்ப்பொருள் மஞ்சளரளி நஞ்சையும் முறிக்கும் என்பதை இலங்கையில் நடந்த ஆய்வு 2000ஆம் ஆண்டில் நிறுவியது. ஆனால் அது விலை மிகுந்த மருந்து, எங்கும் கிடைப்பதில்லை. மாட்டுக்கு நேர்ந்தால் தமிழ்நாட்டில் 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண் இருக்கிறது.

அடுத்த முறை ஆரல்வாய்மொழியைக் கடக்கும்போது, சாலை நடுவே காற்றில் ஆடும் அரளியைச் சற்றே பாருங்கள். வண்டிப்புகையையும் வெயிலையும் பொறுத்துக்கொண்டு, எந்த ஆடும் எட்டிக் கடிக்காமல் பூத்து நிற்கிறது. அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. நம் வீட்டுச் செடிகளும் அப்படித்தான் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.