பிடித்தும் பிடிக்காத பந்து

2015 ஜனவரி 11 அன்று கிரீன்பே நகரின் லாம்போ மைதானத்தில், அமெரிக்கக் கால்பந்தின் தகுதிச்சுற்று ஆட்டம் ஒன்றில், டல்லஸ் கவ்பாய்ஸ் அணி 21-26 என்று பின்தங்கியிருந்தது. முடிய ஐந்து நிமிடம்கூட இல்லை. டோனி ரோமோ எறிந்த பந்தை டெஸ் பிரையன்ட் உயரத் தாவிப் பிடித்து, இலக்குக் கோட்டை நோக்கிக் கையை நீட்டியவாறே விழுந்தார். தரையில் பட்ட பந்து ஒரு கணம் எழும்பி, மீண்டும் அவரிடமே வந்தது. களத்தில் ‘பிடித்தார்’ என்றே முதலில் தீர்ப்பளித்தனர். எதிரணி முறையிட்டது, காணொளியைப் பார்த்த தலைமை நடுவர் ஜீன் ஸ்டெரட்டோர் ‘இல்லை’ என்றார். ஆட்டம் அதே கணக்கில் முடிந்தது.

அவர் பிழை செய்யவில்லை என்பதுதான் சங்கடம். விழுந்துகொண்டே பிடிப்பவர், தரையில் மோதி ஓயும்வரை பந்தைத் தன்வசம் வைத்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. 2010இல் சிகாகோவில் கால்வின் ஜான்சனின் வெற்றிப் பந்தைப் பறித்ததும் இதே விதி. அன்றும் நடுவர் ஸ்டெரட்டோரே!

இலக்கணம் கற்றவர்களுக்கு இச்சிக்கல் புதிதன்று. ‘பிடித்து’ என்னும் எச்சம் எந்த நொடியில் ‘பிடித்தான்’ என்று முற்றுப்பெறுகிறது? விதியை எழுதியவர்கள் அந்த நொடியைத் தள்ளிக்கொண்டே போனார்கள். பல்லாயிரம் கண்கள் கண்டதைச் சொற்கள் மறுத்தன. சொற்களைவிடக் கண்களையே நான் நம்புவேன்.

2018 மார்ச்சில் 32 அணிகளும் ஒருமித்து அவ்விதியை நீக்கின. பிரையன்ட் பிடித்தது பிடித்ததே என்று விதிக்குழுவினரும் ஒப்புக்கொண்டிருந்தனர். அடுத்த மாதம் டல்லஸ் அணி அவரை விடுவித்தது.